புது அடி எழுதினால் மார்க்குக் குறைக்கலாமா?

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் ஒருநாள் மாலை "தட், தட், தட்" என்று ஒரே சத்தம். கீழ் வீட்டு அம்மாள் படியேறி வந்துவிட்டார்.

"உரலில் ஏதாவது இடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

யாரும் இடிக்கவில்லை. என் அண்ணன் மகன் ஆடிக்கொண்டிருந்தான். கல்லூரியில் படிக்கும் பையன். தரையில் ஒரு விரிப்பு. விரிப்பில் நான்கு அம்புக்குறிகள். எதிரே கம்ப்யூட்டர். திரையில் அம்புகள் ஓடுகின்றன. அதைப் பார்த்துப் பார்த்து இவன் மிதிக்கிறான்.

முகத்தில் சந்தோஷம் இல்லை. கோபம்தான் இருந்தது.

"சித்தப்பா, நான் எழுதின அடிக்கு மார்க்குக் குறைச்சுட்டாங்க. 'வழக்கத்துக்கு மாறா இருக்கு'ன்னு எழுதியிருக்காங்க. மாறா இருக்கணும்னுதானே எழுதினேன்?" என்றான்.

விளையாட்டுச் சங்கதிதானே என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவன் கேட்ட கேள்வி சின்னக் கேள்வி அல்ல. பள்ளிக்கூட ஓவியப் போட்டி முதல் பொங்கல் கோலப் போட்டி வரை, உலக ஒலிம்பிக் மேடை வரை, இதே கேள்விதான் எழுகிறது.

புதுமைக்கு எத்தனை மார்க்கு? வழக்கத்துக்கு எத்தனை மார்க்கு? அதைத் தீர்மானிப்பது யார்?

காலால் ஆடும் விளையாட்டு

முதலில் விளையாட்டைத் தெரிந்துகொள்வோம்.

1998ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் கோனாமி என்ற கம்பெனி ஒரு யந்திரத்தை வெளியிட்டது. அதன் பெயர் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'. மற்ற விளையாட்டு யந்திரங்களைக் கையால் ஆடுவார்கள். இதைக் காலால் ஆடவேண்டும்.

ஆடுபவர் ஒரு மேடைமேல் நிற்கிறார். முன்னே ஒரு கட்டம், பின்னே ஒரு கட்டம், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மொத்தம் நான்கு. பாட்டு ஒலிக்கிறது. திரையின் அடியிலிருந்து அம்புகள் மேலே ஏறி வருகின்றன. உச்சியில் உள்ள கோட்டை அம்பு தொடும் அதே நொடியில், அந்தக் கட்டத்தை மிதிக்கவேண்டும். சரியாக மிதித்தால் மார்க்கு. பிந்தினாலும் முந்தினாலும் மார்க்குக் குறையும்.

இந்த விளையாட்டு உலகம் முழுவதும் பரவியது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநில அரசு, தன் 765 அரசுப் பள்ளிகளிலும் இதை வைக்கப்போவதாக அறிவித்தது. பிள்ளைகளின் உடல் பருமனைக் குறைக்க இது உதவும் என்று அங்குள்ளவர்கள் எண்ணினார்கள். உட்கார்ந்து ஆடும் விளையாட்டுக்கு நடுவே, வேர்க்க வேர்க்க ஆடும் விளையாட்டு அல்லவா?

நாலு எண்ணில் ஒரு நடனம்

பாட்டு ஒன்று இருந்தால் போதாது. எந்த நொடியில் எந்த அம்பு வரவேண்டும் என்று யாராவது எழுதவேண்டும். ஒரு பாட்டுக்கு நூற்றுக்கணக்கான அடிகள் வேண்டும்.

தொடக்கத்தில் அதைக் கம்பெனிக்காரர்களே எழுதினார்கள். பிறகு 'ஸ்டெப்மேனியா' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. இதற்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் தமக்குப் பிடித்த பாட்டுக்குத் தாமே அடி எழுதலாம். எழுதியதை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். இப்படி எழுதும் ரசிகர்கள் பல நாடுகளில் தோன்றினார்கள். யார் எழுதியது நல்ல அடி என்று போட்டியும் வைத்தார்கள்.

எழுதும் முறை மிகவும் சுலபம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் இதைப் படித்துவிடலாம்.

ஒரு வரியில் நான்கு எண்கள். முதல் எண் இடது கட்டம். இரண்டாவது பின் கட்டம். மூன்றாவது முன் கட்டம். நான்காவது வலது கட்டம். 1 என்றால் மிதி. 0 என்றால் சும்மா இரு.

1000 என்று எழுதியிருந்தால் இடது கட்டத்தை மிதிக்கவேண்டும். 0001 என்றால் வலது. 1001 என்றால் இரண்டு காலாலும் சேர்ந்து குதிக்கவேண்டும்.

இப்படி வரிக்குக் கீழ் வரியாக எழுதிக்கொண்டே போகவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் வாசலில் வைத்த கோலப் புள்ளி மாதிரி இருக்கும். மிருதங்கக்காரர் 'தகதிமி' என்று வாயால் சொல்வதை, இங்கே எண்ணால் எழுதிவைக்கிறார்கள். வேறு வித்தை ஒன்றும் இல்லை.

சட்டம் எப்படி வந்தது?

இந்த எழுத்துக்கு எந்தச் சர்க்காரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் ஆடி ஆடிச் சில வழக்கங்கள் ஏற்பட்டுவிட்டன. அவற்றில் முக்கியமானவை ஐந்து.

ஒன்று, பாட்டில் ஓசை இருக்கும் இடத்தில்தான் அடி இருக்கவேண்டும். ஓசையே இல்லாத இடத்தில் அடி வைத்தால், ஆடுபவர் வெறும் காற்றுக்கு ஆடுகிறார்.

இரண்டு, இடது கால், வலது கால் என்று மாறி மாறி வரவேண்டும். நாம் நடப்பது அப்படித்தானே?

மூன்று, ஆடுபவரின் உடம்பு ஓரளவுக்குத் திரும்பலாம். ஆனால் முதுகைத் திரைக்குக் காட்டி நிற்கும்படி செய்யக்கூடாது. திரையைப் பார்க்காமல் எப்படி ஆடுவது?

நான்கு, பாட்டில் பல்லவி திரும்பி வரும்போது, அடியும் முன்பு வந்ததை ஒத்திருக்கவேண்டும். பழைய நண்பரை மறுபடி பார்த்தது போல அது மனசுக்குச் சுகம் தரும்.

ஐந்து, எளிதாகப் போய்க்கொண்டிருக்கும் ஆட்டம், காரணம் இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் கடினமாகிவிடக்கூடாது.

இந்த ஐந்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு வழக்கத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. சில காரணம் காதில் இருக்கிறது. சில காரணம் காலில் இருக்கிறது. யாரோ பெரியவர் சொன்னார் என்பதற்காக இவை வரவில்லை. ஆடியவர்களின் கால் வலித்து வலித்து வந்த சட்டங்கள் இவை.

ஆம்பூரில் கற்ற பாடம்

என் அண்ணன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். தினமும் காட்பாடியில் ரயில் ஏறிப் போய் வருகிறார். மகன் கோபமாக இருப்பதைப் பார்த்து அவர் ஒரு விஷயம் சொன்னார்.

கம்பெனியில் ஷூ செய்வதற்குக் கால் மாதிரியே ஓர் அச்சு வைத்திருப்பார்கள். அதை 'லாஸ்ட்' என்பார்கள். மேலே வைத்துத் தைக்கும் தோலுக்கு 'அப்பர்' என்று பெயர். அப்பரில் எத்தனை புதுமையும் செய்யலாம். நிறத்தை மாற்றலாம். தையலை மாற்றலாம். பூ வேலை செய்யலாம். ஆனால் எல்லாம் அந்த அச்சின்மேல் உட்கார வேண்டும்.

"சாம்பிள் ஷூவை மேஜைமேல வச்சுப் பார்த்தா எல்லாமே அழகாத்தான் இருக்கும். போட்டு நடந்தாத்தான் எது கடிக்குதுன்னு தெரியும்" என்றார் அண்ணன்.

தோல் தொழிலில் பிழைக்கும் இந்தப் பக்கத்து மக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எங்கே கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். காலுக்கு ஆகாத புதுமை புதுமை அல்ல. கால் தாங்கும் புதுமையை யாரும் தடுக்கவேண்டியதும் இல்லை.

அடி எழுதுவதற்கும் இதே நியாயம் பொருந்தும். அடிக்கணக்கைத் தாளில் படித்து மார்க்குப் போட்டால், ஷூவை மேஜைமேல் வைத்துப் பார்த்த கதைதான்.

நடந்து பாருங்கள்

பையன் செய்த புதுமை என்ன? அதைப் புரிந்துகொள்ள வாசகர்களும் எழுந்து நின்று ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாயால் 'த க தி மி, த க தி மி' என்று சொல்லுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடி. இடது, வலது, இடது, வலது. இப்போது 'த' என்ற எழுத்து எந்தக் காலில் விழுகிறது என்று பாருங்கள். எப்போதும் இடது காலில்தான் விழும். நான்கு என்பது இரட்டை எண். ஆகையால் தொடங்கிய காலே மறுபடி தொடங்கும்.

இனி 'த கி ட, த கி ட' என்று சொல்லுங்கள். மூன்று எழுத்து. இடது, வலது, இடது. அடுத்த 'த' வலது காலில் விழுகிறது. அதற்கடுத்த 'த' மறுபடி இடது காலில் வருகிறது. மூன்று ஒற்றை எண் அல்லவா? ஆகையால் தொடங்கும் கால் ஒவ்வொரு தடவையும் மாறிவிடுகிறது.

நான்காக எண்ணுவதைச் சதுஸ்ரம் என்றும், மூன்றாக எண்ணுவதைத் திஸ்ரம் என்றும் சங்கீதக்காரர்கள் சொல்வார்கள். குத்தாட்டப் பாட்டுகளில் மூன்றின் நடை நிறைய வரும்.

பையனின் நண்பர்கள் திருவிழாவில் பறை அடிப்பவர்கள். அவர்கள் அடித்ததைப் பதிவு செய்து, அதற்குத்தான் இவன் அடி எழுதியிருந்தான். அது திஸ்ர நடை. வழக்கப்படி கால் மாறி மாறி எழுதினால், ஓங்கி விழும் முதல் அடி ஒரு தடவை இடது காலிலும், மறு தடவை வலது காலிலும் போய்விடும்.

"பறைக்கு ஆடுறவங்க அப்படி ஆட மாட்டாங்க சித்தப்பா. ஒரே காலைத்தான் ஓங்கிக் குத்துவாங்க. அந்தக் குத்து வரணும்னு எழுதினேன்" என்றான் அவன்.

ஆகவே அவன் இடது-வலது-இடது, இடது-வலது-இடது என்று எழுதினான். நடுவில் ஒரே கால் இரண்டு முறை மிதிக்கவேண்டி வருகிறது. இரண்டாவது வழக்கம் உடைந்துவிட்டது. நடுவர்கள் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்.

குற்றம் யார் பேரில்? அதைச் சொல்லுமுன் உலக மேடையில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

பாரிஸில் 54 ஓட்டு

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் ஒலிம்பிக்கில் 'பிரேக்கிங்' என்ற தெரு நடனம் முதல் முறையாக இடம்பெற்றது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் ஏழைத் தெருக்களில் 1970களில் பிறந்த நடனம் அது. தலையால் சுழல்வார்கள். கையால் நிற்பார்கள். இருவர் மோதுவார்கள். நடுவர்கள் ஓட்டுப் போடுவார்கள்.

எதைப் பார்த்து ஓட்டு? ஐந்து அம்சங்கள். உடல் திறமை, அசைவுகளின் வகை, தவறில்லாமல் செய்வது, இசையோடு சேர்வது, சொந்தக் கற்பனை. ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம். கற்பனைக்கு என்றே தனி மார்க்கு வைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து ரேச்சல் கன் என்ற பெண்மணி வந்தார். பல்கலைக்கழக ஆசிரியை. வயது 36. இளம் பெண்களைப் போலச் சுழன்று ஜெயிக்க முடியாது, புதுமையால் கவரலாம் என்று அவர் நினைத்தார். கங்காருவைப் போலக் குதித்தார். தரையில் படுத்து நெளிந்தார்.

முடிவு என்ன ஆயிற்று? ஒன்பது நடுவர்கள். ஒரு மோதலுக்கு இரண்டு சுற்று. அவர் மூன்று மோதல்களில் ஆடினார். ஆக மொத்தம் 54 ஓட்டுகள். ஒன்றுகூட அவருக்கு விழவில்லை. தங்கப் பதக்கத்தை ஜப்பானைச் சேர்ந்த அமி என்ற பெண் பெற்றார்.

அதோடு விட்டார்களா? உலகம் முழுவதும் கேலி செய்தார்கள். அவரைப் போல நடித்துச் சிரித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில், இனிப் போட்டிகளில் ஆடுவதில்லை என்று அவர் அறிவித்துவிட்டார்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

கற்பனைக்கு 20 சதவீதம்தான். மற்ற 80 சதவீதம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பெறாமல் கற்பனையை மட்டும் நம்பினால், நல்ல கற்பனையாக இருந்தாலும் ஜெயிக்காது. இது முதல் பாடம்.

நடுவர்கள் கேலி செய்யவில்லை. எதிர்த்து ஆடியவரை ஐந்து அம்சங்களிலும் ஒப்பிட்டு ஓட்டுப் போட்டார்கள். புதிதாக ஏதோ முயன்றார் என்று தலைமை நடுவர் அவருக்காகப் பரிந்தே பேசினார். கேலி செய்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள். மார்க்குக் கொடுக்காமல் இருப்பது வேறு, அவமானப்படுத்துவது வேறு. இது இரண்டாவது பாடம்.

நேற்றைய மீறல், இன்றைய வழக்கம்

இப்படிச் சொன்னால், வழக்கத்தை மீறவே கூடாதா என்று சிலர் கேட்பார்கள். மீறலாம். அம்பு விளையாட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

கோனாமியின் யந்திரத்தில் முதலில் ஒரே கட்டளைதான் இருந்தது. அம்பு வந்தால் மிதி. அவ்வளவுதான். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'இன் த குரூவ்' என்ற போட்டி விளையாட்டு வந்தது. ரசிகர்களாக இருந்து அடி எழுதிப் பழகிய சிலர் அதில் வேலை செய்தார்கள். அதில் 'கண்ணி' என்று ஒரு குறி வந்தது. அதை மிதித்தால் மார்க்குப் போய்விடும். அதாவது, "இங்கே மிதிக்காதே!" என்று ஒரு கட்டளை.

மிதிக்கும் விளையாட்டில் மிதிக்காதே என்று சொல்வது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் காலை எங்கே வைக்கக்கூடாது என்று சொல்வதன் மூலம், எப்படி ஆடவேண்டும் என்றும் சொல்லிவிட முடிந்தது. ஆட்டத்துக்கு ஒரு புது வாசல் திறந்தது.

கோனாமி கம்பெனி 2005ஆம் ஆண்டில் அந்த விளையாட்டை வெளியிட்ட கம்பெனிமீது வழக்குத் தொடுத்தது. 2006இல் சமரசம் ஆயிற்று. அந்த விளையாட்டின் உரிமை கோனாமிக்கே போய்ச் சேர்ந்தது. 2008ஆம் ஆண்டில் கோனாமியின் சொந்த விளையாட்டிலேயே, மிதிக்கக்கூடாத 'ஷாக்' அம்பு வந்துவிட்டது!

நம் நாட்டிலும் பாருங்கள். பறையை மேடையில் ஏற்றக்கூடாது என்று எண்ணிய காலம் ஒன்று உண்டு. அது சாவு மேளம் என்று ஒதுக்கினார்கள். அடிப்பவர்களையும் சேர்த்து ஒதுக்கினார்கள். 2025ஆம் ஆண்டில் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பறையின் ஓசை மாறிவிட்டதா? கேட்பவர்களின் காதுதான் மாறியது.

ஆகவே நடுவரின் ருசியும் ஒரு வழக்கம்தான். அதுவும் தவறாக இருக்கலாம். ஒதுக்கும் முன் யோசிக்கவேண்டும்.

நான் செய்த தவறு

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் பொங்கல் கோலப் போட்டி வைத்தார்கள். வயதானவன் என்று என்னையும் ஒரு நடுவராகப் போட்டார்கள். விதிகள் தெளிவாக இருந்தன. புள்ளிக் கோலம்தான் போடவேண்டும். நான்கு பக்கமும் சமமாக இருக்கவேண்டும். கோடு எந்தப் புள்ளியையும் விட்டுவிடக்கூடாது.

ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் போட்டிருந்த கோலம் மிக நேர்த்தி. சிக்குக் கோலம். இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கை நடுங்காத கோடு. ஆனால் ஒரு மூலையில் நான்கு புள்ளிகளைக் காணோம். அந்தப் பக்கம் கோடு உள்ளே வளைந்து திரும்பிவிட்டது.

"ஒரு பக்கம் குறை" என்று எழுதி மார்க்கைக் குறைத்தேன். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பரிசு கொடுத்து முடிந்து கூட்டம் கலைந்தது. அப்போது அந்த வீட்டிலிருந்து ஒரு பெரியவர் கோலூன்றி வெளியே வந்தார். படி இறங்கினார். விட்டுப்போன அந்த மூலையில் காலை வைத்தார். கோலத்தின்மேல் படாமல் தெருவுக்கு வந்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் மறந்து விடவில்லை. தாத்தாவுக்கு வழி விட்டிருந்தாள். வழி விட்ட பிறகும் இழை அறுபடாமல் வளைத்து முடித்திருந்தாள். முழுச் சதுரமாகப் போட்டவர்களைவிட அவள் கணக்குத்தான் கடினம்.

நான் கோலத்தைப் பார்த்தேன். வாசலைப் பார்க்கவில்லை. "ஏனம்மா இந்த மூலையை விட்டாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மாடியில் தீர்ப்பு

அந்த நினைவு வந்ததால், பையன் விஷயத்தில் வாயால் தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. "நானே ஆடிப் பார்க்கிறேன்" என்றேன். வீடு சிரித்தது. பரவாயில்லை என்று விரிப்பின்மேல் ஏறினேன்.

அந்தப் பறை இசை மெதுவாகத் தொடங்கியது. நிமிடத்துக்கு 60 தட்டு. தட்டுக்கு மூன்று அடி. அதாவது நிமிடத்துக்கு 180 அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் கிடைக்கிறது. ஒரே காலை எடுத்து மறுபடி வைக்க அது போதும். இடது காலில் ஓங்கிக் குத்தினேன். பறையும் அதே இடத்தில் குத்தியது. உடம்பு தானாகக் குலுங்கியது. பையன் சொன்னது சரி. வழக்கப்படி கால் மாற்றி எழுதியதையும் ஆடிப் பார்த்தேன். அந்தக் குத்து வரவில்லை.

பிறகு பறை வேகம் எடுத்தது. முடிவில் நிமிடத்துக்கு 120 தட்டு. 360 அடி. இப்போது நடுவே விநாடியில் ஆறில் ஒரு பங்குதான். அங்கேயும் பையன் ஒரே காலை இரண்டு முறை போட்டிருந்தான். என் கால் பின்னிக்கொண்டது. வயதானவன் கால் என்று சொல்லலாம். அவனையே ஆடச் சொன்னேன். அவன் காலும் தடுமாறியது. விரிப்பு சுருண்டு ஒரு பக்கம் போய்விட்டது.

அவனே சிரித்துவிட்டான்.

"இதை நீ ஆடிப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"மெதுவான பாகத்தை மட்டும் ஆடினேன் சித்தப்பா. கடைசியை அப்படியே எடுத்து ஒட்டிட்டேன்" என்றான்.

ஆகவே தீர்ப்பு இரண்டாக வந்தது. மெதுவான பாகத்தில் அவன் செய்தது கற்பனை. அங்கே மார்க்கைக் குறைத்தது சரியல்ல. வேகமான பாகத்தில் அவன் செய்தது அசட்டை. அங்கே மார்க்கைக் குறைத்தது சரி. ஒரே மீறல்தான். ஓரிடத்தில் காரணம் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை.

"வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது" என்று ஒரே வரியில் எழுதிய நடுவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போயிற்று. அவர்கள் ஆடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "புதுமை என்றால் எல்லாம் புதுமைதான்" என்று வாதாடிய பையனுக்கும் இது தெரியவில்லை. அவனும் ஆடிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டான்.

நடுவர்கள் செய்யவேண்டியது

இப்போது எங்கே பார்த்தாலும் போட்டிகள். பள்ளி ஆண்டு விழாவில் நடனப் போட்டி. தெருவில் கோலப் போட்டி. கல்லூரிகளில் கலை விழா. டெலிவிஷனில் பாட்டுப் போட்டி. நேற்றுவரை வேடிக்கை பார்த்தவர் இன்று நடுவராக உட்காருகிறார். அப்படி உட்காருபவர்கள் நான்கு காரியங்களைச் செய்தால் நல்லது.

முதலாவது, எதற்கு எத்தனை மார்க்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். பாரிஸில் சொன்னார்கள். தோற்றவருக்குக்கூட எதில் தோற்றோம் என்று தெரிந்தது. போட்டி முடிந்த பிறகு அளவுகோலைத் தேடக்கூடாது.

இரண்டாவது, மீறலைக் கண்டால் உடனே பேனாவை எடுக்கக்கூடாது. "இந்த வழக்கம் எதற்காக வந்தது?" என்று தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். காலைக் காப்பாற்ற வந்த வழக்கம் என்றால், கால் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பத்திரமாக இருந்தால், மீறியதில் குற்றம் இல்லை.

மூன்றாவது, செய்தவரிடம் ஏன் என்று கேட்கவேண்டும். காரணம் உள்ளவர் சொல்வார். காரணம் இல்லாதவர் விழிப்பார். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

நான்காவது, முடிந்தால் தாமே செய்து பார்க்கவேண்டும். சமையலைக் கண்ணால் பார்த்து மார்க்குப் போடுபவர் உண்டா? அடியையும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

போட்டியில் கலந்துகொள்ளும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வழக்கத்தை முதலில் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கற்ற பிறகு மீறுங்கள். மீறியதை நீங்களே முதலில் ஆடிப் பாருங்கள். உங்கள் காலே தடுமாறினால், ஊரார் கால் எப்படித் தாங்கும்?

பெற்றோர்களுக்கும் ஒன்று உண்டு. பிள்ளை புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு வந்து காட்டும்போது, "இது என்ன கிறுக்கு?" என்று சொல்லிவிடாதீர்கள். "எங்கே, எப்படி என்று காட்டு" என்று சொல்லுங்கள். காட்டும்போதே அதன் நிறையும் குறையும் அதற்குத் தெரிந்துவிடும். மார்க்கு இல்லாத இடத்திலும் பிள்ளை வளரும்.

எங்கள் வீட்டுப் பையன் கடைசிப் பாகத்தைத் திருத்தி எழுதிவிட்டான். மெதுவான பாகத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. "இதுக்கு மார்க்குக் குறைச்சாலும் சரி சித்தப்பா, இது இப்படித்தான் இருக்கணும்" என்றான். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

கீழ் வீட்டு அம்மாள்தான் மறுபடி மேலே வந்தார். இரைச்சலைப் பற்றிப் பேச வந்தார் என்று பயந்தோம்.

"அந்த மூணு மூணா வர்றதை இன்னொரு தடவை போடு தம்பி. நானும் ஒரு குத்து குத்திப் பார்க்கிறேன்" என்றார்.

வருகிற பொங்கலுக்கு என்னை மறுபடி நடுவராகக் கூப்பிட்டால் போவேன். மார்க்குத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதலில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, போட்டவரிடம் கேட்பேன்: "இதை ஏனம்மா இப்படிப் போட்டாய்?"